ஒரே நாளில் செத்த தம்பதி

த்ரேனோவா கிராமம், சாயெச்சார் அருகே
6 மார்ச் 2018

பெல்கிரேட் ரயில் நிலையத் தெருவில் 'தேநீர் அறை' என்ற இடத்தை நடத்தும் ரூபினா அவர்களுக்கு,

இங்கு நான் நலம். தங்கள் நலத்தை விசாரிப்பது முறை என்பதால் விசாரிக்கிறேன்.

நான் தெசாங்கா. பிப்ரவரி இருபதாம் தேதி பெல்கிரேட் மருத்துவமனையில் காலமான மிலிசாவ் என்பவனின் அக்கா. இவ்வூர் அஞ்சலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். தொலைபேசியில் சண்டை போட்டால் பிறகு ஆதாரம் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பியை ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தேன். வழக்கப்படி படமும் பெயரும் போட்டு மரண அறிவிப்பு அச்சடித்துக் கடைத்தெரு லிண்டன் மரத்தில் ஒட்டினேன். படம் அவன் பட்டாளத்தில் இருந்தபோது எடுத்தது. தொப்பி, மீசை எல்லாம் உண்டு. மறுநாள் நீங்கள் ஒரு பேருந்து நிறைய ஆட்களோடு வந்து, என் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதில் 'லெபோசாவா' என்று பெயர். சிறுத்தைப்புலித் தோல் மாதிரி ஒரு தொப்பி, உதட்டுச் சாயம். அதே பிறந்த தேதி. அதே இறந்த தேதி. கீழே 'துயருறும் தோழியர்' என்று உங்கள் விலாசம்.

விளைவைக் கேளுங்கள். எதிர்வீட்டுப் பெர்சா மரத்தடியில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ தெசாங்கா, புருஷனும் பொண்டாட்டியும் ஒரே நாள்லயா! என்ன அன்பு, என்ன பாசம்! நான் செத்தா எங்க வீட்டுக்காரர் மறுநாளே சீட்டாடப் போயிடுவார். பொறந்ததும் ஒரே நாளாமே!"

இப்போது ஊரே எனக்கு இரட்டை அனுதாபம் சொல்கிறது. தயவுசெய்து யாரையாவது அனுப்பி உங்கள் தாளைக் கிழித்துவிடுங்கள். முப்பது வருடமாக வீட்டுக்கு ஒரு வரி எழுதாதவனுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். கல்லறைக் கல்லில் அவன் பெயர் ஏற்கனவே இருக்கிறது. அம்மா இறந்தபோதே அப்பா எங்கள் எல்லோர் பெயரையும் பிறந்த வருடத்தோடு வெட்டி வைத்துவிட்டார். இறந்த வருடத்தை மட்டும் கல்தச்சர் ராடுல் வந்து சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தெசாங்கா


பெல்கிரேட்
14 மார்ச் 2018

மதிப்புக்குரிய தெசாங்கா அக்காவுக்கு,

ரூபினா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அஞ்சலகத்தில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கும் ரயில் நிலையத்தில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கும் ஒரே இடத்தில்தான் வலிக்கும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. உங்கள் தங்கையைப் போலவே நானும் பையன் என்று பதிவேட்டில் ஏறிப் பெண்ணாக வாழ்கிறவள். இருபத்திரண்டு வருடம் நிலையத்தைச் சுற்றித் தொழில் செய்தேன். இப்போது லெபோசாவா, எங்களுக்கு லெபா, ஆரம்பித்த தேநீர் அறையில் கெண்டி என் பொறுப்பு. தெருவில் நிற்கிற பெண்களுக்குத் தேநீர், ஆணுறை, வக்கீல் விலாசம் மூன்றும் கொடுக்கிறோம். மூன்றில் தேநீர்தான் மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தாளைக் கிழிக்க மாட்டேன், அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள். புருஷன் பொண்டாட்டி விஷயத்தை இங்கே சத்தமாக வாசித்தேன். சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. லெபாவைக் கட்டிக்கொள்ள ஒரு லாரி ஓட்டுநர், ஒரு பல் மருத்துவர், ஓய்வுபெற்ற ஒரு கர்னல் என்று மூன்று பேர் கேட்டு நடையாய் நடந்தார்கள். பல் மருத்துவரிடம் பல்லை மட்டும் கட்டிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பினாள். அப்படிப்பட்டவள் கடைசியில் தன்னையே கட்டிக்கொண்டாளா!

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கல்லில் அவள் பெயர் இருக்க வேண்டும். லெபோசாவா. சாகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும்தான் கேட்டாள். "பேரை மாத்தி வெச்சுப் பொதைச்சுடப் போறாங்கடி, பாத்துக்கோ" என்றாள். நாங்கள் வருவதற்குள் நீங்கள் அவளைக் கொண்டுபோய்விட்டீர்கள்.

அன்புடன்,
ரூபினா


த்ரேனோவா
3 ஏப்ரல் 2018

ரூபினா அவர்களுக்கு,

நலம். முழங்கால் பரவாயில்லை. என்னை அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை நாற்பதாம் நாள் சடங்கு முடிந்தது. ஓர் ஆளுக்கு வேண்டிய அளவு கோதுமை வேகவைத்து, வால்நட்டும் சர்க்கரையும் கலந்து கல்லறைக்குக் கொண்டுபோனேன். அங்கே போனால் ஊர்ப் பெண்கள் எல்லோர் கையிலும் இரண்டு இரண்டு மெழுகுவர்த்தி. பெர்சா தனியாக ஒரு தட்டு கோதுமை கொண்டுவந்திருந்தாள். "உன் தம்பி பொண்டாட்டிக்கு, பாவம், பட்டணத்துப் பொண்ணு. அவளுக்குன்னு யார் செய்வா?" என்றாள். பாதிரியார் ஜிவோயின் இரண்டு பெயரையும் வாசித்தார். நான் திருத்தாமல் கோதுமையைப் பரிமாறினேன்.

அதோடு விட்டார்களா? கல்லைப் பார்த்துவிட்டுப் பெர்சா எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி பேர் இருக்கு, உன் பேரும் படத்தோட இருக்கு. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மட்டும் கல்லுல எடமில்லையா? அநியாயம் தெசாங்கா! பொண்ணுக்குப் பொண்ணே எதிரியா?" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அஞ்சலகத்தில் ஓய்வூதியம் தாமதமானபோதுகூட என்னை இப்படித் திட்டியதில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வழி இருக்கிறது. கல்லில் கீழே கொஞ்சம் இடம் உண்டு. 'மிலிசாவின் மனைவி லெபோசாவா' என்று வெட்டிவிடலாம். நீங்கள் கேட்ட பெயர் கல்லில் இருக்கும். ஊர் வாயும் அடங்கும். யாருக்கும் நஷ்டமில்லை. ராடுலிடம் பேசட்டுமா?

இப்படிக்கு,
தெசாங்கா


பெல்கிரேட்
20 ஏப்ரல் 2018

அன்புள்ள தெசாங்கா அக்காவுக்கு,

பழக்கம் இல்லாவிட்டால் இனிமேல் ஆகிவிடும். அக்கா என்றுதான் எழுதுவேன்.

நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் வேண்டாம். அவள் யார் மனைவியும் இல்லை. மிலிசாவுக்கு மனைவியாக இருக்க அவளுக்கு நேரமும் இருந்ததில்லை. அவள் என்ன செய்தாள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

ஒரு காலத்தில் கைப்பையில் ஆணுறை இருந்தாலே எங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதுதான் சாட்சியாம். பயந்துபோய்ப் பெண்கள் அதை எடுத்துப்போவதையே விட்டுவிட்டார்கள். நோய் வந்து செத்தார்கள். ஒருநாள் ஒரு போலீஸ்காரன் லெபாவின் பையைக் கொட்டிவிட்டு, "இது இருக்குன்னா தொழில் பண்றேன்னுதானே அர்த்தம்?" என்றான். இவள் அவன் இடுப்பைப் பார்த்தாள். "துப்பாக்கி வெச்சிருக்கியே தம்பி, அப்ப நீ கொலை பண்றேன்னு அர்த்தமா?" என்றாள். அன்றைக்கு அடி வாங்கினாள். அடுத்த வாரம் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அமைச்சக நடைகூடத்தில் போய் உட்கார்ந்தாள். பதினோரு நாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே இருந்தாள். துப்புரவுப் பெண்கள் அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியில் தோலைப் பெருக்கி மாளவில்லை என்று ஓர் அதிகாரி மனுவை வாங்கினார். எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் அன்றோடு பையைக் கொட்டும் வழக்கம் நின்றது. அவள் அந்தப் பெயரோடுதான் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெயரில்தான் அடியும் வாங்கினாள்.

இன்னொன்று. அவள் ஒரு வரி எழுதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு காலணிப் பெட்டி கிடைத்தது. உள்ளே இருபத்தொரு கடிதங்கள். எல்லாம் உங்கள் பெயருக்கு எழுதியவை. தொண்ணூறிலிருந்து வருடத்துக்கு ஒன்று. எதுவும் பிரிக்கப்படவில்லை. எல்லாவற்றிலும் 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்ற முத்திரை, பக்கத்தில் கையால் எழுதிய தேதி. உங்கள் அஞ்சலகம்தானே அது. இது எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டுங்கள்.

அன்புடன்,
ரூபினா


த்ரேனோவா
2 மே 2018

ரூபினா அவர்களுக்கு,

நலம். இங்கு மழை. கோழிகளில் ஒன்று அடை உட்கார்ந்திருக்கிறது. திராட்சைக்கு மருந்து அடித்தாயிற்று. முட்டைக்கோஸ் இலை கட்டினேன், கொஞ்சம் தேவலை. வீடு முழுக்க நாற்றம்.

ராடுலை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

தெசாங்கா


பெல்கிரேட்
25 மே 2018

அன்புள்ள அக்காவுக்கு,

கோழிக்கும் திராட்சைக்கும் என் விசாரிப்புகள். நான் கேட்டதை மழை அழித்துவிட்டதா?

போகட்டும். இங்கே லெபாவுக்கு நினைவுக் கூட்டம் நடத்தினோம். யார் வந்தார்கள் தெரியுமா? அவளை அடித்த அதே போலீஸ்காரன். தலை நரைத்துவிட்டது. கையில் கார்னேஷன் பூ. "எங்கம்மா சாகறவரைக்கும் லெபா என்னைப் பாக்கும்போதெல்லாம் அவங்க கால் வலியைத்தான் கேப்பா. எனக்கே எங்கம்மாவுக்குக் கால் வலின்னு அவ சொல்லித்தான் தெரியும்" என்றான். நாற்பது பேர் அழுதோம். பூசியிருந்த கண்மை எல்லோருக்கும் மோவாய் வரை வந்துவிட்டது.

இந்த உறையோடு அந்தக் கடிதங்களில் ஒன்றை, தொண்ணூற்றேழாம் வருடத்ததை, வைத்து அனுப்புகிறேன். பிரிக்காமல்தான் இருக்கிறது. இதை மறுக்க வேண்டுமானால் இப்போது என்னிடம் நேரிலேயே மறுக்கலாம்.

அன்புடன்,
ரூபினா


பெல்கிரேட்
11 ஜூலை 2018

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரம் ஆகிவிட்டது. நலமா? நான் எழுதியது அதிகம்தான். எனக்கு வாய் நீளம் என்று லெபா எப்போதும் சொல்வாள். இத்தனைக்கும் அவள் வாய்க்கு முன்னால் என்னுடையது குட்டையானது.

கல்லைப் பற்றி இனிமேல் கேட்கவில்லை. ஒரு வரி எழுதுங்கள், போதும். கோழி குஞ்சு பொரித்ததா என்றாவது.

ரூபினா


த்ரேனோவா
29 ஆகஸ்ட் 2018

அன்புள்ள ரூபினாவுக்கு,

ஒன்பது குஞ்சு. இரண்டைப் பருந்து கொண்டுபோய்விட்டது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்வேன், எழுந்து தரையைத் துடைப்பேன். இரண்டு மாதமாக என் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம்.

முத்திரை குத்தியது நான். வேறு யார் குத்துவார்கள்? வரும் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்குவதும் நான், முத்திரையும் என் மேசையில். அப்பா இருந்தவரை அப்பாவுக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், எனக்கு நானே உட்பட. அப்பா தொண்ணூற்றாறிலேயே போய்விட்டார். நீங்கள் அனுப்பியது தொண்ணூற்றேழாம் வருடத்ததல்லவா? அதை மறுக்கச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. நான்தான் மறுத்தேன். ஏழு கடிதத்தை மறுத்தவள் எட்டாவதை வாங்கினால் அந்த ஏழுக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று பயம். பிறகு ஒன்பது, பத்து. மறுப்பதும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. நான் கோழை, ரூபினா. முப்பத்தாறு வருடத்தில் ஓர் உறைகூடத் தவறவிடாத கோழை.

அதைப் பிரித்துப் படித்தேன். அரைப் பக்கம்தான். புதுத் தொப்பி வாங்கியதைப் பற்றி, ஒரு நாய்க்குட்டியைப் பற்றி. கடைசியில், உனக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது அக்கா என்று. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மருத்துவமனைக்குக் கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் எடுத்துப் போயிருந்தேன். போர்வையை விலக்கிப் பார்த்தேன். நகங்களில் சிவப்புச் சாயம், அம்மாவின் மூக்கு. கோட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய் ஒரு நீல உடை வாங்கினேன். "யாருக்கும்மா?" என்றாள் கடைக்காரி. சொந்தக்காரி ஒருத்திக்கு என்றேன். அதைத்தான் உடுத்திப் பெட்டியை மூடச் சொன்னேன். ஊரில் யாருக்கும் காட்டவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை.

நீங்கள் இனி எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

தெசாங்கா


பெல்கிரேட்
9 செப்டம்பர் 2018

அக்காவுக்கு,

மூன்று நாள் உங்களைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோய்ப் பக்கத்துக் காய்கறிக் கடைக்காரரிடம் இரண்டு கடன் வாங்கினேன். நான்காம் நாள் அந்த நீல உடை நினைவுக்கு வந்து திட்டுவது நின்றுவிட்டது. மன்னிப்பது என் வேலை இல்லை. ஆனால் அவள் வேலை என்னவாக இருந்தது என்று சொல்கிறேன்.

இங்கே மூத்தவள் ஒருத்தி, லெபாவோடு ஒரே அறையில் இருந்தவள், பெட்டியைப் பார்த்ததும் சொன்னாள். உங்கள் கையெழுத்து லெபாவுக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதாம். தேதியில் ஏழுக்கு நடுவே நீங்கள் போடுகிற கோட்டை வைத்து. ஒவ்வொரு வருடமும் உறை திரும்பி வந்ததும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாளாம். "அக்காதான் எழுதியிருக்கா. உயிரோட இருக்கா. கை நடுங்கலை." இன்னொரு வருடம், "முத்திரை கோணலா விழுந்திருக்கு, மூட்டுவலி ஜாஸ்தியாயிடுச்சுபோல." உள்ளே எழுதுவதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவாளாம். அவளுக்கு வேண்டியது உறையின் மேலே இருந்தது. நீங்கள் பதில் போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறீர்கள்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஏன் நிறுத்தினாள் தெரியுமா? உங்கள் அஞ்சலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, தான் ஓய்வூதிய அலுவலகத்துப் பெரிய அதிகாரி என்று குரலை மாற்றி அதட்டி, நீங்கள் ஓய்வு பெற்றதைத் தெரிந்துகொண்டாள். "இனிமே தபால்காரன் வீட்டுக்கே கொண்டுபோய் நீட்டுவான். அவன் முன்னாடி அக்கா முழிக்கணும். வேணாம், பாவம்" என்றாளாம்.

மற்ற இருபதையும் அனுப்பட்டுமா?

ரூபினா


த்ரேனோவா
5 நவம்பர் 2018

அன்புத் தங்கை ரூபினாவுக்கு,

அக்கா நலம். உன் முழங்கால் எப்படி? தேநீர் அறையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். இனி 'நீங்கள்' இல்லை, நீ எனக்கு எட்டு வயது இளையவள்.

கடிதங்களை அனுப்பாதே. நீயே கொண்டுவா. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ராடுலைக் கூப்பிட்டேன். மிலிசாவ் பெயரை எடு என்றேன். "எடுக்க முடியாது. கருங்கல். மொத்த முகத்தையும் இழைச்சாத்தான் போகும், அப்ப உங்கப்பா அம்மாவும் போயிடுவாங்க" என்றார். சரி, பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது, அங்கே வெட்டும் என்றேன். வெட்டினார். பெரிய எழுத்தில் லெபோசாவா, 1957–2018. மேலே சிறுத்தைத் தொப்பிப் படம், உங்கள் அறிவிப்பிலிருந்து எடுத்தது. வேலை முடிந்ததும் எட்டி நின்று பார்த்தேன். அவள் வேலியையும் பிளம் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதையில் போகிற ஒருவருக்கும் தெரியாது. அவளை வைத்திருக்க நான் எப்போதும் தேர்ந்தெடுத்த இடம் அதுதான் என்று உறைத்தது.

"ராடுல், கல்லைத் திருப்பும்" என்றேன்.

"என்னது?"

"திருப்பும். முன்பக்கத்தைப் பின்பக்கமா ஆக்கும்."

டிராக்டர், சங்கிலி, நான்கு ஆட்கள், ஒரு புட்டி பிளம் சாராயம். புட்டி காலியானதும் கல் திரும்பிவிட்டது. இப்போது அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும். அம்மாவுக்குப் பிளம் மரம் பிடிக்கும், அவளுக்குக் குறையில்லை. மிலிசாவுக்கு இறந்த வருடம் போடவில்லை. என் பெயர் பழைய பக்கத்தில் போய்விட்டதே, பரவாயில்லையா என்று ராடுல் கேட்டார். இந்தப் பக்கம் அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் புதிதாக வெட்டச் சொன்னேன்.

நேற்று முன்தினம் இறந்தோர் சனிக்கிழமை. ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பெர்சா இரண்டு மெழுகுவர்த்தியோடு வந்து கல்லைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"செத்தவங்க கெழக்கே பாக்கணுமே தெசாங்கா!"

"அவங்க பாக்கற எடத்தையே பாக்கட்டும். நான் கல்லைத்தானே திருப்பினேன்."

"மருமக பேரு வந்துடுச்சு, சந்தோஷம். மிலிசாவ் எங்க? அவனுக்கு வருஷம்கூடப் போடலையே. அவன் எப்பத்தான் செத்தான்?"

"அவன் பொறக்கவே இல்லை, பெர்சா."

அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். அம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்ப எடுத்து ஏற்றி, இரண்டையும் லெபாவுக்கே வைத்தாள். "அதானே, கன்னம்கூட உங்க வீட்டுக் கன்னம்தான்" என்றாள்.

பாதிரியார் ஜிவோயின் பெயர்ச் சீட்டோடு வந்தார். அவருக்குக் காது மந்தம். "லெபோசாவா, உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். தங்கை என்றேன். "என்னம்மா?" என்றார் காதில் கையை வைத்துக்கொண்டு. தங்கை என்று மறுபடி சொன்னேன். "கொஞ்சம் சத்தமா சொல்லணும்" என்றார். மூன்றாவது முறை கத்தினேன். தோட்டத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மேல்வரிசையில் கோதுமை தின்றுகொண்டிருந்த ராடுல்கூட எழுந்து நின்றுவிட்டார். பாதிரியார் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

பிப்ரவரியில் வருடாந்திரம். பேருந்து நிறைய ஆட்களோடு வா. எல்லோருக்கும் படுக்க இடம் இருக்கிறது, பெர்சா வீட்டிலும் சொல்லியாயிற்று. இருபதையும் சேர்ந்து படிப்போம்.

கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. தேன் குடிக்கிறேன்.

உன் அக்கா,
தெசாங்கா